மனபாரம் குறைய சேர்ந்து நடப்போம்


தவணை நாள் நெருங்கினால் தூக்கம் போய்விடுகிறது. சேர்ந்து நடந்தால் மனபாரம் குறையும். "வயல்ல குனிஞ்சு நிமிர்றோமே, தனியா நடை எதுக்கு?" என்று கேட்போம். வயலுக்கு கவலையும் கூடவே வருகிறது. நாலு பேராக வேகமாக நடந்தால் பேச்சு வரும், ராத்திரி தூக்கமும் வரும். சேலையோடவே நடக்கலாம், செருப்பு மட்டும் வாரறுந்ததாக இருக்கக் கூடாது.

2023 நவம்பர் 4-ல் தமிழக அரசு, விழுப்புரம் உட்பட 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதைகளைத் தொடங்கியது. திண்டிவனம் பக்கத்து கிராமத்தினர் அதற்காக பஸ் ஏற வேண்டாம், ஏரிக்கரையே போதும். விடிந்த பிறகு அரை மணி, வாரம் ஐந்து நாள்.

இரண்டு வாரமாக தூக்கமோ சிரிப்போ இல்லாத உறுப்பினருக்கு நடை மட்டும் போதாது. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போவோம். 14416-ல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.