கழற்றாமல் கழுவாதீர்கள்

பரணில் பல வருஷம் கிடந்த மாடல் விமான கிளோ இன்ஜினைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஹெட்டில் இருக்கும் கூலிங் ஃபின்களின் இடுக்கில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் வராது, மண்ணெண்ணெய்க்கும் அசையாது. புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்த்தால் கல் மாதிரி நிற்கும். எல்லாம் விளக்கெண்ணெய் செய்த வேலை.

மாடல் விமான எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். கூடவே கொஞ்சம் நைட்ரோமீத்தேன், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். செயற்கை எண்ணெய் எரிந்துபோகும் சூட்டிலும் விளக்கெண்ணெய் உலோகத்தை விடாமல் பிடித்துக் காக்கும் என்பதால்தான் இன்னமும் அதைக் கலக்கிறார்கள். அதே எண்ணெய் சூடான அலுமினியத்தில் திரும்பத் திரும்பக் காய்ந்தால் வார்னிஷாக இறுகிவிடும். உள்ளே தங்கிய மெத்தனாலோ காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? பேரிங் துருப்பிடிக்கிறது.

காட்டாங்குளத்தூர் பக்கம் இப்படித் தூங்கும் இன்ஜின்கள் நிறைய. 1949-இல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலிருந்து எங்கள் ஊர் எஸ்.ஆர்.எம். வரை, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய கல்லூரிகளில் விமானப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இன்று லித்தியம் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் வைத்துப் பறக்கவிடுகிறார்கள். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. ஏரோ டிசைன் போட்டியிலேயே ரெகுலர் பிரிவு ஓ.எஸ். 61 இன்ஜினை விட்டு மின்மோட்டாருக்குப் போய்விட்டது. மெத்தனாலும் தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் புழங்கக் கூடாத பொருள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் சாராயம் இத்தனை உயிர்களைக் குடித்த பிறகு, அந்தக் கெடுபிடி நியாயமானது என்றே சொல்வேன். பழைய டின்னில் எரிபொருள் மிச்சம் இருந்தால் பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

ஓடாத இன்ஜினை மீட்க நான் நம்புவது அல்ட்ராசோனிக் கிளீனரை. கண்ணாடிக் கடையிலும் பல் டாக்டரிடமும் டீசல் இன்ஜெக்டர் பார்க்கும் பட்டறையிலும் இருக்கிற அதே ஸ்டீல் தொட்டிதான். அடியில் ஒட்டிய தகடுகள் வினாடிக்கு 40,000 முறை அதிர, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றி உடைகின்றன. உடையும்போது பக்கத்திலுள்ள அழுக்கைப் பிய்த்துக்கொண்டு போகின்றன. பிரஷ் எட்டாத இடத்துக்கும் அவை போகும். கார்புரேட்டரின் ஸ்பிரே பாரை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டூசி முனை அளவு துளை, அதை அடைத்த உலர்ந்த எண்ணெய்த் துணுக்கு. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகும், அப்புறம் நீடில் வால்வைத் திருகி எரிபொருளைச் சீராக்கவே முடியாது. தொட்டியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் அந்தத் துளை வழியே புகைபோல அழுக்கு கசிந்து வெளியேறுவதைப் பார்க்கலாம். இந்த மெஷினுக்குக் கொடுத்த காசு எனக்கு அந்த ஒரு வேலையிலேயே கழிந்துவிட்டது.

ஆனால் இன்ஜினை முழுசாக உள்ளே போடுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. பேரிங்கில் இருக்கும் எண்ணெய் போய், தண்ணீர் புகுந்து, இரண்டே நாளில் துரு. முதலில் கழற்றுங்கள். இறுகிய இன்ஜினை பலம் கொடுத்துச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும், அதனால் ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கி, எண்ணெய் இளகிய பிறகே சுற்றுங்கள். கிளோ பிளக், ஓ-ரிங், பிளாஸ்டிக் பாகங்கள் எல்லாம் வெளியே வரட்டும். பிஸ்டன் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.பி.சி. வகை இன்ஜினில் பிஸ்டனும் லைனரும் ஓடி ஓடி ஒன்றுக்கொன்று பழகியவை, திருப்பிப் போட்டால் கம்ப்ரெஷன் போய்விடும். கிராங்க்கேஸைச் சூடாக்கித் தட்டினால் பேரிங் தானாக விழும். துருப்பிடித்த பேரிங்கைக் கழுவிக்கொண்டிருப்பது வீண், புதுசு போடுங்கள்.

தொட்டிக்குள் பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதுவும் கூடாது. சூடும் ஆவியும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் தீதான். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துக் கறுக்கடிக்கும், சோடா கலந்த துணி சோப்புத்தூளும் அதன் பளபளப்பைக் கெடுக்கும். வெந்நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டால் போதும். சூடு 50, 60 டிகிரி இருக்கட்டும். முதல் ஐந்து நிமிஷம் பாகம் எதுவும் போடாமல் ஓடவிட்டால் தண்ணீரில் கரைந்த காற்று வெளியேறி, சுத்தம் நன்றாக நடக்கும். பாகங்கள் கூடையில்தான் இருக்க வேண்டும், அடித்தட்டைத் தொடக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள்.

கருகி இறுகிய வார்னிஷ் இதற்கெல்லாம் முழுசாகப் போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பழைய ஆட்கள் செய்தது ரேடியேட்டர் கூலன்ட்டில் மணிக்கணக்காக மிதமாகச் சூடாக்கி ஊறவைப்பது. நன்றாக வேலை செய்யும். ஆனால் அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம், இனிப்பாகவும் இருக்கும். சமையல் பாத்திரத்தை அதற்கு எடுக்காதீர்கள், நாய், பூனை, குழந்தை எட்டாத வெளியிடத்தில் வைத்துச் செய்யுங்கள். வார்னிஷ் இளகிய பிறகு தொட்டிக்கு மாற்றினால் இன்ஜின் வெள்ளையாக வரும்.

கடைசி அலசலுக்கு பேட்டரி வாட்டர் வாங்குங்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் படியும். அலசியதும் ஹேர் டிரையரால் உலர்த்தி, அதே உட்காரலில் எண்ணெய் விடுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் சிவப்பு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெயே போதும்.

ஒரே ஒரு இன்ஜின் வைத்திருப்பவருக்கு மெஷின் தேவையில்லை, தெரிந்த இன்ஜெக்டர் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். நாலைந்து வைத்திருப்பவர்கள் இரண்டு, மூன்று லிட்டர் தொட்டி வாங்கலாம். ஹீட்டர் இல்லாததை மட்டும் வாங்காதீர்கள், விளக்கெண்ணெய்க்கு அது பிரயோஜனப்படாது.