கூரைமேல் ஒரு மின்நிலையம்

ஞாயிற்றைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் வாழ்த்திய பின்னரே தம் காப்பியத்தைத் தொடங்குகிறார். தை முதல் நாளில் நாமும் பொங்கற் பானையை ஞாயிற்றின் முன்னே வைக்கிறோம். ஆயினும் போற்றுவது வேறு, அதனிடம் வேலை வாங்குவது வேறு.

இந்த வேறுபாட்டைத் தில்லி மாநகரம் முன்னரே ஒருமுறை கண்டிருக்கிறது. பூசாவில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். அவர் இயக்குநராக இருந்த காலத்தில், 1950களில், அவ்வாய்வுக்கூடம் சூரிய அடுப்பு ஒன்றை உருவாக்கிற்று. வளைந்த ஆடியால் வெயிலைக் குவித்துச் சோறு சமைக்கும் அடுப்பு அது. அறிவியலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கதிரவன் நகர நகர ஆடியைத் திருப்பிக்கொண்டு வெயிலில் நின்று சமைக்க எந்தக் குடும்பத்திற்கு இயலும்? அடுப்பு வீடுகளில் பரவவில்லை. பொருள் நல்லதாக இருந்தாலும் வீட்டோடு அது பொருந்த வேண்டும் என்பதே அதனால் நாம் பெறும் பாடம்.

இன்று அதே ஞாயிறு வேறு வடிவில் நம் மொட்டை மாடிக்கு வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு ‘பிரதமர் சூரிய கர்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகளை அமைப்பது அதன் குறிக்கோள். அதன் பின்னர் தில்லியின் சந்துதோறும் தகடு பொருத்தித் தரும் ஒப்பந்தக்காரர்கள் தோன்றிவிட்டனர். அவர்களுள் எவரை நம்புவது?

நான் பௌதிகம் பயிலும் மாணவன். ஜனக்புரியில் வாழும் என் பெரியப்பா, பணி ஓய்வின்போது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியை இதில் போட எண்ணி, மூன்று ஒப்பந்தக்காரர்களை அழைத்துப் பேசினார். உடனிருந்து கண்டவற்றையும் நூல்களிலும் அரசு அறிக்கைகளிலும் படித்தவற்றையும் நம் மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே தொகுத்துரைக்கிறேன்.

தகடு செய்யும் வேலை

சிலிக்கன் தகட்டின்மேல் ஒளி விழுந்தால் மின்னோட்டம் பிறக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1954இல் செய்துகாட்டிய சிலிக்கன் மின்கலம், தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றிற்று. இன்று கடையில் கிடைக்கும் நல்ல தகடுகள் 20 சதவீதத்திற்கு மேலும் மாற்றுகின்றன.

தகட்டிலிருந்து வருவது நேர்மின்னோட்டம். இன்வெர்ட்டர் என்னும் கருவி அதை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக்குகிறது. வீடு பயன்படுத்தியது போக எஞ்சியது தெருக்கம்பிக்குச் செல்கிறது. இருவழி மீட்டர் போனதையும் வந்ததையும் கணக்கிடுகிறது. இம்முறைக்குத் தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014இலேயே விதிகள் வகுத்துவிட்டது.

தில்லி வெயிலில் ஒரு கிலோவாட் தகடு, ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். ஆகவே மூன்று கிலோவாட் அமைத்தால் மாதம் 360 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். இதைவிட மிகுதியாக வாக்களிப்பவர் கணக்கறியாதவர், அல்லது நம்மைக் கணக்கறியாதவர் என்று எண்ணுபவர்.

மற்றொன்றும் அறிய வேண்டும். மின்கலம் இன்றித் தெருக்கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்க இன்வெர்ட்டரில் செய்துள்ள ஏற்பாடு அது. “கரண்டு போனாலும் உங்கள் வீட்டில் விளக்கு எரியும்” என்று ஒருவர் சொன்னால், மின்கலம் எங்கே, அதன் விலை என்ன என்று கேளுங்கள்.

நிழல் என்னும் பகை

தகடுகள் நூலில் கோத்த மணிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. நீர்க்குழாயை ஓரிடத்தில் மிதித்தால் குழாய் முழுவதும் ஓட்டம் குறைவதுபோல, ஒரு தகட்டில் விழும் நிழல் ஏனையவற்றின் பயனையும் குறைக்கக்கூடும். இதைத் தணிக்கும் உறுப்புகள் தகட்டினுள் உண்டெனினும், இழப்பு முற்றிலும் நீங்குவதில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. தில்லி ஏறத்தாழ 28.6 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் 21 நண்பகலில் ஞாயிறு தொடுவானிலிருந்து சுமார் 85 பாகை உயரத்தில், உச்சிக்கு மிக அருகில் நிற்கும். ஒரு மீட்டர் உயரமுள்ள சுவரின் நிழல் அப்போது அரைச் சாண் அளவும் இராது. டிசம்பர் 22 நண்பகலிலோ உயரம் 38 பாகைதான். அதே சுவரின் நிழல் 1.28 மீட்டர் நீளும். இரண்டு மீட்டர் உயரமான தண்ணீர்த் தொட்டி வடக்கு நோக்கி இரண்டரை மீட்டருக்கு நிழல் வீழ்த்தும். காலையிலும் மாலையிலும் அது இன்னும் நீளும்.

இதனாற் பெறப்படுவது என்ன? கோடையில் வந்து மாடியைப் பார்த்து, “நிழலே இல்லை ஐயா” என்று சொல்பவர் பாதி உண்மையே சொல்கிறார். நல்ல ஒப்பந்தக்காரர் டிசம்பரை மனத்தில் வைத்து அளப்பார். தெற்கே உள்ள தொட்டி, படிக்கட்டு அறை, அண்டை வீட்டார் நாளை எழுப்பக்கூடிய மாடி ஆகிய மூன்றையும் அவர் கேட்டறிவார்.

வெப்பமும் காற்றும் தூசியும்

தகட்டின் திறனை ஆய்வுக்கூடத்தில் 25 பாகை செல்சியஸில் அளக்கிறார்கள். தில்லியின் மே மாதத்தில் தகடு 65 பாகை வரை சூடேறலாம். பாகைக்கு 0.35 சதவீதம் குறையும் என்று கொண்டால், 40 பாகை மிகுதிக்கு 14 சதவீதம் போய்விடுகிறது. ஆகவே தகட்டின் அடியில் காற்றோட்டம் வேண்டும்.

அவ்வாறு உயர்த்தி அமைக்கும்போது காற்று பகையாகிறது. கோடையில் வரும் ‘ஆந்தி’ என்னும் புழுதிப் புயலைக் கண்டவர்க்கு அதை விளக்க வேண்டியதில்லை. தாங்கும் சட்டம் நன்கு துத்தநாக முலாம் தோய்த்த இரும்பாக இருத்தல் வேண்டும். அது காற்றின் வேகத்திற்கு ஏற்றவாறு கணக்கிட்டு அமைத்ததாகவும் இருத்தல் வேண்டும். கூரையில் துளையிட்டு ஆணி இறக்கினால் மழைக்காலத்தில் ஒழுகும். அந்த ஒழுக்குக்குப் பொறுப்பு யார் என்பதை முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும்.

குளிர்காலத்து மூடுபனியும் ஆண்டு முழுவதும் படியும் தூசியும் விளைச்சலைக் குறைக்கும். மாடியில் நீர்க்குழாய் உண்டா, தகடுகளுக்கிடையே ஆள் நடந்து துடைக்க வழி உண்டா என்று பார்ப்பது நலம். துடைப்பதைக் காலையிலோ மாலையிலோ செய்ய வேண்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்நீரை ஊற்றலாகாது.

பணக் கணக்கு

மைய அரசின் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டொன்றுக்கு 30,000 ரூபாய். மூன்றாவதற்கு 18,000 ரூபாய். மொத்தத்தில் 78,000 ரூபாய் உச்சவரம்பு. 2025இல் தில்லி அரசு, மூன்று கிலோவாட் அமைப்புக்கு மேலும் 30,000 ரூபாய் தர முடிவு செய்தது. ஆக 1,08,000 ரூபாய்.

இவ்வெண்களிலிருந்து ஓர் உண்மையைப் பிரித்தெடுக்கலாம். திட்டத்தை அறிவித்தபோது, மதிப்பிட்ட விலையில் இரண்டு கிலோவாட் வரை 60 சதவீதமும் மூன்றாவது கிலோவாட்டுக்கு 40 சதவீதமும் மானியம் என்றார்கள். 30,000 என்பது 60 சதவீதமானால் முழு விலை 50,000. 18,000 என்பது 40 சதவீதமானால் முழு விலை 45,000. ஆகவே மூன்று கிலோவாட்டுக்கு அரசு கொண்ட மதிப்பு 1,45,000 ரூபாய். சந்தை விலை இதற்குச் சற்று மேலோ கீழோ இருக்கலாம். ஆனால் மிக விலகிய விலைக்குக் காரணம் கேட்க நமக்கு இது ஓர் அளவுகோல்.

2024 மார்ச்சில் அறிவித்த தில்லி சூரியக் கொள்கை, மூன்று கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புகளுக்கு, விளையும் யூனிட்டொன்றுக்கு 3 ரூபாய் வீதம் ஐந்தாண்டு ஊக்கத்தொகை என்றது. விளைச்சலுக்கே கூலி என்பதால், அமைப்பு சரியில்லையேல் இழப்பு இருமடங்கு.

மானியம் அமைப்பு முடிந்து சோதனையான பின்னர் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வரும். “மானியத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்” என்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். விண்ணப்பத்தில் கொடுக்கும் தொலைபேசி எண் நம்முடையதாகவே இருக்க வேண்டும்.

மூவர் வந்தனர்

முதல்வர் மாடியைப் பாராமலே தொலைபேசியில் விலை சொன்னார். மூவருள் அவருடையதே மிகக் குறைந்த விலை. எந்த நிறுவனத்துத் தகடு என்று கேட்டதற்கு, “எல்லாம் ஒன்றுதான் சார்” என்றார். இரண்டாமவர் நேரில் வந்தார், நன்றாகப் பேசினார், தகட்டின் பெயரும் சொன்னார். ஆனால் தொட்டியின் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாமவர் வந்தவுடன் கேட்டது, “கடந்த 12 மாத பில் இருக்கிறதா?” என்பதே. அதைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஐந்து கிலோவாட் வேண்டாம், மூன்று போதும்” என்றார். பின்னர் நாடாவைப் பிடித்துத் தொட்டியின் உயரத்தை அளந்தார். மாடி உரிமை யாருக்கு என்று கேட்டார். அடுக்கு வீடுகளில் இது பெரிய வழக்கு. கீழ்வீட்டார் ஒப்புதல் எழுத்தில் இல்லாவிட்டால் ஏற்றிய தகட்டை இறக்கவும் நேரலாம்.

அவர் சொன்ன விலை முதல்வரினும் கூடுதல். பெரியப்பா தயங்கினார். சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த பணம் அல்லவா? “மூன்றாண்டுக்கு முன் நீங்கள் அமைத்த இரண்டு வீடுகளைக் காட்டுங்கள்” என்று கேட்டோம். அவர் முகவரி தந்தார். அவ்வீடுகளில் ஒன்றிற்கு, துவாரகாவிற்கு, நான் சென்றேன். அங்கே ஓர் இன்வெர்ட்டர் பழுதாகியிருந்தது. ஆனால் ஒரு வாரத்திற்குள் மாற்றித் தந்ததாக அவ்வீட்டம்மையார் சொன்னார். பழுதே வராத கருவி உலகில் இல்லை. பழுது வந்தால் வருகிற மனிதர் உண்டா என்பதே கேள்வி. பெரியப்பா அவரையே தெரிந்தெடுத்தார்.

கேட்க வேண்டியவை

நண்பர்கள் தாளில் குறித்துக்கொள்ளத்தக்க கேள்விகள் இவை.

1. தேசிய இணைய வாயிலில் பதிவு பெற்றவரா? நம் பகுதி மின் விநியோக நிறுவனத்தின் கீழ் முன்பு வேலை முடித்திருக்கிறாரா? தில்லியில் பி.எஸ்.இ.எஸ். ராஜதானி, பி.எஸ்.இ.எஸ். யமுனா, டாட்டா பவர், புது தில்லி நகராட்சி மன்றம் எனப் பகுதிக்கொரு நிறுவனம் உண்டு.

2. தகடு நடுவண் அரசின் ஒப்புதல் பட்டியலில் உள்ளதா? மானியம் வேண்டுமாயின், உள்நாட்டில் செய்த மின்கலங்களால் ஆன தகடாகவே இருத்தல் வேண்டும். தகட்டின் பின்புறத்து எண்களைப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

3. உத்தரவாதம் யார் பெயரில், யார் தருவது? தகட்டின் விளைதிறனுக்கு 25 ஆண்டு என்பர். பொருத்திய கடை அத்தனை ஆண்டு இருக்குமா? ஆகவே தகடு செய்த நிறுவனமும் இன்வெர்ட்டர் செய்த நிறுவனமும் தரும் உத்தரவாதத் தாள்கள் வீட்டுக்காரர் பெயரில் நம் பெட்டியில் இருக்க வேண்டும்.

4. ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ளதா? திட்டத்தின்படி அது ஒப்பந்தக்காரரின் கடமை. ஆண்டுக்கு எத்தனை முறை வருவார், பழுதென்றால் எத்தனை நாளில் வருவார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

5. தகட்டுச் சட்டத்திற்கும் இன்வெர்ட்டருக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனி எர்த் உண்டா? தளர்ந்த கம்பி இணைப்பு தீயை விளைவிக்கும். ஆகையால் இவ்விடத்தில் சிக்கனம் ஆகாது.

6. பணம் எத்தனை தவணை? பொருள் வந்தபின் ஒரு பகுதி, பொருத்தியபின் ஒரு பகுதி, இருவழி மீட்டர் ஓடத் தொடங்கியபின் மிச்சம் என்பதே முறை. முழுப் பணத்தையும் முன்னரே கேட்பவரை வணங்கி அனுப்பிவிடலாம்.

நம் கடமை

நம்மிற் பலர் முனீர்க்காவிலும் முகர்ஜி நகரிலும் வாடகை அறையில் வாழ்பவர்கள். நமக்கென ஒரு கூரை இல்லையே, இது எதற்கு என்று எண்ணலாம். ஆனால் இம்மாநகரில் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக வாழும் நம் பெரியவர்கள் பலர், ஓய்வுக்காலத்தில் இத்தகைய தாள்களின் முன்னே தனியே அமர்ந்திருக்கிறார்கள். சிறு எழுத்தில் அச்சிட்ட ஒப்பந்தம், கைபேசியில் நிரப்ப வேண்டிய விண்ணப்பம், இனிக்க இனிக்கப் பேசும் விற்பனையாளர் — இவற்றினிடையே அவர்கள் கையெழுத்திடுவது பல ஆண்டுச் சேமிப்பின்மேல்.

நாம் கற்ற முக்கோணக் கணக்கு தேர்வுத் தாளோடு முடிந்துவிட வேண்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடாவும் தாளும் எடுத்துக்கொண்டு தெரிந்தவர் வீட்டு மாடிக்கு ஏறுங்கள். தொட்டியின் உயரத்தை அளந்து டிசம்பர் நிழலைக் குறித்துக் கொடுங்கள். ஒப்பந்தத்தை உரக்கப் படித்துப் பொருள் சொல்லுங்கள். விலை குறைந்தவர் யார் என்று அவர்கள் கேட்பார்கள். ஐந்தாண்டு கழித்துக் கூப்பிட்டால் வருபவர் யார் என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கிடைத்த பின்னர் கையெழுத்திடச் சொல்லுங்கள்.