போனை எடுக்க வேண்டியது குடிப்பவர் மட்டும் இல்லை: 14416-ஐப் பயன்படுத்தும் முறை

சங்கரன்கோவிலில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். முதலில் சனிக்கிழமை சம்பள நாளில் மட்டும் குடித்தார். இப்போது தினமும் குடிக்கிறார். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு வாய் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது. மனைவி எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டார். "எனக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? நான் எதுக்கு டாக்டர்கிட்ட வரணும்?" என்பதுதான் பதில்.

"அவர் வந்தால்தானே சிகிச்சை? வராதவரை என்ன செய்றது?" என்று அந்த அம்மா ஓய்ந்து போகிறார். நம்மில் பலர் நிற்கும் இடமும் இதுதான். ஆனால் முதல் போனை அவர்தான் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மனைவி செய்யலாம். அம்மா, அண்ணன், மகள், கூட வேலை பார்ப்பவர் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

14416 என்பது என்ன?

இது 'டெலி மானஸ்' என்ற இலவச மனநல ஆலோசனை எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் இதற்கு வழிகாட்டுகிறது. தமிழ்நாட்டில் இதன் பெயர் 'நட்புடன் உங்களோடு'. இரவு, பகல், ஞாயிறு, தீபாவளி எந்நேரமும் பேசலாம். 1800-891-4416 என்ற எண்ணும் இதே சேவைதான். பட்டன் போன் இருந்தாலும் போதும்.

குடி, கஞ்சா, புகையிலை மட்டும் இல்லை. தூக்கமின்மை, பரீட்சை பயம், கடன் கவலை, குழந்தை பிறந்த பின் வரும் மனச்சோர்வு, ஆன்லைன் சூதாட்டம், போனைக் கீழே வைக்க முடியாத பழக்கம் என எதைப் பற்றியும் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே தனியாக 14446 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

போன் செய்தால் என்ன நடக்கும்?

முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் குரல் வரும். தமிழைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். அவர் பேசித் தீர்க்கக்கூடியதைப் பேசித் தீர்ப்பார். அதற்கு மேல் தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது மாவட்ட மனநலத் திட்டம், அரசு மருத்துவமனை என நேரில் போக வேண்டிய இடத்தைச் சொல்வார்.

என்ன பேசுவது என்று தயக்கமா? போன் செய்யும் முன் நாலு விஷயத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. என்ன பொருள், எவ்வளவு, எத்தனை வருஷமாக?
2. கடைசியாக எப்போது எடுத்தார்? நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வந்ததுண்டா?
3. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வேறு நோய், மருந்து உண்டா?
4. வீட்டில் யாருக்காவது அடி, ஆபத்து இருக்கிறதா? சாகப் போவதாகப் பேசுகிறாரா?

பிறகு நேராகவே தொடங்கலாம்: "எங்க வீட்டுக்காரரு தினமும் குடிக்காரு. சிகிச்சைக்கு வரமாட்டேங்காரு. நான் எப்படிப் பேசணும்னு சொல்லுங்க." இந்த ஒரு கேள்வி போதும். போதையில் இருக்கும்போது சண்டை போடாமல், தெளிந்திருக்கும் நேரத்தில் எந்த வார்த்தையில் தொடங்குவது, கடனை மறைத்து அடைப்பதை எப்படி நிறுத்துவது, பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த அம்மாவின் தூக்கமும் கெட்டுத்தானே கிடக்கிறது? அவருக்காகவும் பேசலாம்.

ஒரே போனில் குடி நின்றுவிடாது. ஆனால் அடுத்த அடி எது என்று தெரிந்துவிடும்.

வீடியோவில் டாக்டரைப் பார்க்க

சங்கரன்கோவிலில் இருந்து மாவட்டத் தலைநகரான தென்காசிக்கு சுமார் 40 கி.மீ. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கி.மீ.க்கு மேல். போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. தொடர் ஆலோசனைக்கு அரசின் 'இ-சஞ்சீவனி' செயலி உதவும். செல்போன் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். மாநிலத்தையும் புறநோயாளி பிரிவையும் தேர்ந்தெடுத்தால் டோக்கன் வரும். முறை வந்ததும் மருத்துவர் திரையில் வருவார், மருந்துச் சீட்டு போனுக்கே வரும். கட்டணம் இல்லை. ஆனால் எல்லா மருந்தையும் போன் வழியாக எழுதித் தர முடியாது, சிலவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும்.

போன் போதாத நேரம்

இதைக் கவனமாகப் படியுங்கள். பல வருஷம் தினமும் குடித்தவர் "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று வீட்டிலேயே திடீரென நிறுத்துவது ஆபத்து. முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, வாந்தி வரலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் இல்லாத ஆள் தெரிவது, இடம் நேரம் புரியாமல் உளறுவது எனக் குழப்பம் வரலாம். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். "பேய் பிடிச்சிருக்கு" என்று காத்திருக்க வேண்டாம். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே 108. நிறுத்துவது என்று முடிவெடுத்தால், நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் 2025-இல் தொடங்கப்பட்டுள்ளன. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று 104-இல் கேட்கலாம்.

யாராவது தற்கொலை பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு, பக்கத்தில் இருந்தபடியே 14416-க்குப் பேசுங்கள். ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால் 108.

"வெளியே தெரிஞ்சிருமே?"

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே அந்தச் சட்டம் கருதுகிறது. அவருக்கு வேண்டியது சிகிச்சைதான். அதனால் போலீஸ் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்காதீர்கள்.

14416-இல் பேச ஆதார் எண்ணோ வங்கி விவரமோ தேவையில்லை. யாராவது அதைக் கேட்டால், பணம் அனுப்பச் சொன்னால், அது இந்தச் சேவை இல்லை. போனை வைத்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், ஏழே நாளில் குடி நிற்கும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடிகளை வாங்காதீர்கள். குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து, மதுவோடு சேர்ந்தால் கடும் வாந்தியும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நோயாளிக்கு விவரம் சொல்லி, அவர் சம்மதத்தோடு மட்டுமே அதைத் தருகிறார்கள். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியை நம்பி, நீங்களே அந்த ஆபத்தை வரவழைத்துவிடாதீர்கள்.

இன்றைய பயிற்சி

போனை எடுத்து 14416, 14446, 104, 108 நான்கையும் சேமித்து வையுங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் 'அக்கா' என்று கூட வைத்துக்கொள்ளலாம். வீட்டில் போன் இல்லாத பெரியவருக்கும், பக்கத்துத் தறியில் வேலை பார்ப்பவருக்கும் எண்ணை எழுதிக் கொடுங்கள்.

பிறகு, இதைப் படிக்கும்போது உங்கள் மனதில் ஒரு முகம் வந்திருந்தால், அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்காதீர்கள். அவருக்காக இன்றைக்கு நீங்கள் பேசுங்கள்.