இரைச்சலை எடுக்கிறேன் என்று வயலினை எடுத்தார்கள்

பின்னணி இசை ரசிகர்கள் நாலு பேர் கூடினால் முதலில் கேட்டுக்கொள்வது, “இப்ப என்ன கேட்டுக்கிட்டிருக்கீங்க?” என்பதுதான். அதற்குப் பாட்டின் பெயரைப் பதிலாகச் சொல்பவருக்கு எங்கள் வட்டத்தில் ஒரு டீ வாங்கிக்கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்துவிடுவோம். பாட்டு கேட்க ஊரே இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள் நடக்கிற சங்கதி, அதாவது ரீரெக்கார்டிங். மதுரையில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, அந்த வாரம் கேட்டதை ஒருவருக்கொருவர் போட்டுக்காட்டுவது எங்கள் வழக்கம். பல வருடமாக இதைச் செய்து பட்டுத் தெளிந்ததைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஓர் அட்டைப்பெட்டி நிறைய கேசட் இருக்கும். அதை எடைக்குப் போடச் சொல்லி வீட்டில் நச்சரிப்பும் இருக்கும். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

பின்னணி இசை தனியாகக் கிடைக்காத நம் கஷ்டம் வெள்ளைக்காரர்களுக்குக் கிடையாது. 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தபோது ஜான் வில்லியம்ஸின் இசை அதே வருடம் இரட்டை இசைத்தட்டாகக் கடைக்கு வந்துவிட்டது. அதே 1977-இல் நமக்கு ‘16 வயதினிலே’ வந்தது. தட்டில் கிடைத்தது பாட்டுதான். இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை, அன்று வேலை நடந்த வரிசை அப்படி. நம்மூரில் பாட்டுத்தட்டு படத்துக்கு முன்னால் வரும். ரீரெக்கார்டிங்கோ ஷூட்டிங், எடிட்டிங், டப்பிங் எல்லாம் முடிந்து, ரிலீசுக்குக் கொஞ்சம் முன்னால் நடப்பது. ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். அப்படி ரீல் ரீலாகப் போட்டுப் பார்த்து, பார்த்த கையோடு இளையராஜா நோட்ஸ் எழுத, திரையில் படம் ஓட ஓட வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். பாட்டுத்தட்டு அச்சாகும் நேரத்தில் அந்த இசை பிறந்தே இருக்காது. பிறந்த பிறகும் தனியாக வாழ விடமாட்டார்கள். வசனம், சத்தம், இசை மூன்றையும் கலந்து ஒரே மோனோ டிராக்காக பிலிமின் ஓரத்தில் ஏற்றிவிடுவார்கள்.

அதனால் எங்கள் தலைமுறை ரசிகன் வசனத்துக்கு அடியில் காதை வைத்துத்தான் கேட்டான். ரேடியோவில் ஒலிச்சித்திரம் வந்தால் டேப்ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானில் விரல் இருக்கும். ‘விதி’ (1984) படத்தின் வசன கேசட் டீக்கடை டீக்கடையாக அலறிய காலத்தில் எல்லாரும் கோர்ட் வாதத்தைக் கேட்டார்கள். நான் அந்த வாதத்துக்கு அடியில் சங்கர்-கணேஷ் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். ரெக்கார்டிங் சென்டரில் போய் பி.ஜி.எம். மட்டும் பதிந்து கேட்டால், “பாட்டு லிஸ்ட் குடுங்கண்ணே, சும்மா வர்ற மியூசிக்குக்கு நாங்க எங்க போறது?” என்பார்கள். தூர்தர்ஷனில் ஞாயிறு படம் வந்தால் டிவியிலிருந்து ஒயர் இழுத்துப் பதிவு செய்தேன். டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் ஒருவரைச் சிநேகம் பிடித்து, ஆம்ப்ளிஃபையரிலிருந்தே ஒயர் இழுத்துப் பதிவு செய்தேன். சேர்ந்தது ஒரு பெட்டி.

இனி யோசனைகள்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் பாட்டே இல்லாத படத்திலிருந்து தொடங்குங்கள். பாட்டு இருந்தால் காது அங்கேயே போய் உட்கார்ந்துவிடும். ‘வீடு’ (1988) பாருங்கள். பாலு மகேந்திரா அந்தப் படத்துக்கு எடுத்துக்கொண்டது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ ஆல்பத்தின் இசையை. அது தனியாகவும் கிடைக்கிறது. முதலில் அதைக் கேட்டுவிட்டுப் படத்துக்குப் போனால், ஒரே இசை காட்சியோடு சேரும்போது என்னவாகிறது என்று தெரியும். அடுத்து ‘குருதிப்புனல்’ (1995), அதன் இசை மகேஷ். அதற்கடுத்து ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013). மிஷ்கின் அதில் இளையராஜாவின் பெயருக்கு ‘முன்னணி இசை’ என்றே டைட்டில் போட்டார். அந்த இசை தனித் தொகுப்பாகவும் வந்தது.

பாட்டுள்ள படமென்றால் பாட்டின் மெட்டு பின்னணியில் எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்று பிடியுங்கள். ‘நாயகன்’ (1987) இதற்கு நல்ல பாடம். ‘தென்பாண்டிச் சீமையிலே’ மெட்டு படம் நெடுக நடமாடும். எந்த இடத்தில் வருகிறது என்பதைப் போலவே, வரும் என்று நினைத்த எந்த இடத்தில் வரவில்லை என்பதையும் குறித்துவையுங்கள்.

கேட்டதை மற்றவர்களுக்குச் சொல்லும்போது ‘புல்லரித்தது’, ‘கண் கலங்கியது’ என்று சொல்லி நிறுத்தாதீர்கள். உங்களுக்குப் புல்லரித்ததை வைத்து நான் என்ன செய்வது? எந்தப் படம், எத்தனையாவது நிமிடம், என்ன வாத்தியம் நுழைந்தது, எது நின்றது என்று சொல்லுங்கள். முக்கியமாக, எந்தப் பிரதியில் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். தியேட்டர் ஒலியா, டிவியா, டிவிடியா?

இந்தப் பிரதி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. எங்கள் வட்டத்தில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவர் உண்டு. ‘நாயகன்’ மெட்டின் சுருதி பற்றி நான் சொன்னதும், எல்லார் முன்னாலும், “அண்ணே, உங்க டேப்ரெக்கார்டர் மோட்டார் தேஞ்சுபோச்சு” என்று சிரித்தார். மாடியே சிரித்தது. விஷயம் இதுதான். பிலிம் ஓடுவது விநாடிக்கு 24 பிரேம், நம் டிவி முறையில் 25. பல சமயம் பிலிமை டிவிக்கு மாற்றும்போது அந்த 24-ஐ அப்படியே 25 வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். வேகம் 4 சதவீதம் கூடும், சுருதியும் ஏறும், அரை ஸ்வரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக. அவர் கேட்டது டிவியிலிருந்து எடுத்த வீடியோ கேசட். நான் கேட்டது தியேட்டர் ஆம்ப்ளிஃபையரிலிருந்து பிடித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போதாவது ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

அந்தப் பெட்டியை கம்ப்யூட்டருக்கு மாற்றித் தர ஒரு கடையில் கொடுத்தேன். “நீங்களே செய்திருக்கலாமே” என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். என் டெக்கின் பெல்ட் நைந்து போயிருந்தது, ஹெட் தேய்ந்திருந்தது. அதில் ஓட்டிப் பழைய டேப்பைச் சிக்கவிடுவதைவிட, தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் அறிவு. கடையைச் சொன்னதும் நானல்ல, வட்டத்திலேயே ஒரு நண்பர். கொடுக்கும்போது ஒரு தாளில் ‘உள்ளது உள்ளபடி மாற்றவும்’ என்று எழுதி, பெட்டியின் மேல் ஒட்டியும் கொடுத்தேன். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

திரும்பி வந்தது ஒரு பென் டிரைவ். கேசட்டுகள் வரவில்லை. “பாதி பூஞ்சை பிடிச்சிருச்சு சார், அதான் பைல் இருக்கே” என்றார் கடைக்காரர். வீட்டில் வந்து போட்டால், எல்லாம் 128 கேபிபிஎஸ் எம்பி3. சரி, அதையாவது கேட்போம் என்று எடுத்தது மகேந்திரன் படம் ஒன்றின் கடைசி ரீல். மகேந்திரன் படத்தில் வசனம் குறைவு, இசைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். என் பெட்டியிலேயே எனக்கு உசத்தியான பதிவு அதுதான். அதில் வசனம் நின்றபின் வயலின்கள் ஒரே ஸ்வரத்தைச் சன்னமாகப் பிடித்துக்கொண்டு நிற்கும், மேலே ஒற்றைப் புல்லாங்குழல் வரும். பைலில் குழல் ஏதோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் குளகுளவென்று வந்தது. வாசிப்பவர் மூச்சு வாங்கும் சத்தம் இல்லை. வயலின் அடியோடு இல்லை.

நடந்ததைப் பிறகு விளங்கிக்கொண்டேன். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு முதலில் ஒரு மாதிரி காட்ட வேண்டும். இசையும் பேச்சும் இல்லாத, வெறும் ‘ஸ்ஸ்ஸ்’ மட்டும் இருக்கிற ஒரு விநாடியைத் தேர்ந்து, ‘இதுதான் இரைச்சல்’ என்று சொன்னால், அதே குணமுள்ளதை எல்லாம் டேப் முழுவதிலிருந்தும் கழித்துவிடும். அந்த மனிதர் வெறும் இடம் என்று நினைத்துக் காட்டியது வயலின்கள் சன்னமாக நின்ற இடத்தை. திரையில் அலைவரி தாழ்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தார், காதால் கேட்கவில்லை. மென்பொருள் சொன்னதைச் செய்தது. ரீல் முழுக்க வயலினைக் கழித்துக் கொடுத்தது.

கடைக்குப் போய் நின்றேன்.

“சார், இரைச்சல் போச்சா இல்லையா?”

“போச்சுப்பா. வயலினும் சேர்ந்து போச்சே.”

“பழைய டேப்ல வயலின் இருந்துச்சுன்னு யாரு சார் கண்டா?”

நான் கண்டேன். கேட்டிருக்கிறேன், மனப்பாடமாக. ஆனால் நிரூபிக்க என் கையில் கேசட் இல்லை. சுத்தம் செய்வதற்கு முந்தைய பைலைக் கேட்டேன். இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டாராம். அந்தக் கடையைச் சொன்ன நண்பர் இதைப்பற்றி மாடியில் இன்றுவரை வாய் திறக்கவில்லை. “எல்லாம் ஓடிடியில கிடைக்குதே” என்று மட்டும் ஒருமுறை சொன்னார். ஓடிடியில் கிடைப்பது படம். நான் கேட்டது அந்த டேப்.

இதில் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், இன்று அந்த மூல ஒலி இருந்தால் வசனத்தையே பிரித்தெடுக்கலாம். டீசர் நிறுவனம் 2019-இல் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் போன்ற மென்பொருள்கள் குரலையும் இசையையும் தனித்தனியாகப் பிரிக்கின்றன. மோனோவிலும் ஓரளவு முடிகிறது. நாங்கள் வருடக்கணக்கில் வசனத்துக்கு அடியில் காதை வைத்துக் கேட்டதை, ஒருவேளை இப்போது தனியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் கழித்துத் தள்ளிய வயலினை எந்த மென்பொருளும் கூட்டித் தராது.

கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. உள்ளே டேப்பை அழுத்தும் பஞ்சுப் பட்டை விழுந்திருந்தால் வேறு கேசட்டிலிருந்து எடுத்து வையுங்கள். டெக்கிலிருந்து லைன்-அவுட் ஒயர், ஆடாசிட்டி, 24 பிட் வேவ் பைல். இவ்வளவுதான். டிவிடியிலிருந்து எடுப்பவர்கள், படத்தில் நிஜமான 5.1 ஒலி இருந்தால், நடு சேனலை மூடிப் பாருங்கள். வசனம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், மீதி சேனல்களில் இசை துலங்கும். பழைய மோனோ படத்துக்குப் புதிதாக ஒட்டிய 5.1-ஐ நம்பாதீர்கள்.

சுத்தம் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் டேப்பில் இருக்கிற ‘ஸ்ஸ்ஸ்’, கீறல், தியேட்டர் பிரின்ட்டின் படபடப்பு எல்லாவற்றோடும் ஒரு பிரதி எடுத்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். சுத்தம், சோதனை எல்லாம் அதன் நகலில்தான். எம்பி3 என்பது மாடியில் போட்டுக்காட்டுவதற்கு. காப்பாற்றி வைப்பதற்கு வேவ் அல்லது பிளாக்.

கடையில் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் பெட்டியைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். இருப்பதில் உங்களுக்குப் பிரியம் குறைந்த ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்து, மூல பைலும் கேசட்டும் கைக்குத் திரும்பி வந்து, நீங்கள் உட்கார்ந்து கேட்ட பிறகே அடுத்ததைக் கொடுங்கள். ‘மூல பைல் எதுக்கு சார்?’ என்று கேட்கிற கடையிலிருந்து, கேசட்டை எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே கிளம்பிவிடுங்கள்.