எழுதி வைத்தால் என்ன பயன்? குவாத்தமாலா விவசாயிகளிடம் ஒரு பாடம்

இடம்பெயர்ந்த குடும்பங்களோடு நாம் கூடியிருந்து பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. "சுவாமி, எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டம். எத்தினை ஆணைக்குழு வந்து எழுதிக்கொண்டு போட்டுது. இனியும் எழுதி என்ன வரப்போகுது?"

இக்கேள்வி நியாயமானது. இதற்கு நாம் இலகுவான விடை சொல்லிவிடக் கூடாது. நம்மைப் போலவே காணி பூமியை விட்டு ஓடிய வேறொரு நாட்டு விவசாயிகள் இதற்கு என்ன விடை கண்டார்கள் என்பதை இப்பாடத்தில் படிப்போம்.

1. அங்கு நடந்தது என்ன?

குவாத்தமாலா மத்திய அமெரிக்காவிலுள்ள ஒரு சிறிய நாடு. 1960 முதல் 1996 வரை, 36 ஆண்டுகள், அங்கு உள்நாட்டுப் போர் நடந்தது. மலைப்பகுதிகளில் சோளமும் அவரையும் பயிரிட்டு வாழ்ந்த மாயா இன மக்களே மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டனர். கெரில்லாக்களுக்கு இவர்கள் ஆதரவளிக்கிறார்கள் என்று சொல்லி, 1980களின் தொடக்கத்தில் இராணுவம் முழுக் கிராமங்களையும் எரித்தது. விளைந்து நின்ற சோளத்தையும் அழித்தது. 5 இலட்சம் முதல் 15 இலட்சம் வரையான மக்கள் இடம்பெயர்ந்தனர். சிலர் எல்லை கடந்து மெக்சிக்கோ நாட்டு முகாம்களுக்குச் சென்றனர். சிலர் ஆண்டுக்கணக்காகக் காட்டுக்குள்ளேயே மறைந்து வாழ்ந்தனர்.

ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடன் இயங்கிய உண்மை ஆணைக்குழு 1999 இல் அறிக்கை வெளியிட்டது. 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமலாக்கப்பட்டோ இருந்தனர் என்று அது மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்டோரில் 83 சதவீதத்தினர் மாயா மக்கள். மீறல்களில் 93 சதவீதத்துக்கு அரச படைகளும் அவற்றின் துணைக் குழுக்களும், 3 சதவீதத்துக்குக் கெரில்லாக்களும் பொறுப்பு என்று அது கண்டது.

2. மக்களின் கதையை மக்களே எழுதினர்

அந்த ஆணைக்குழுவை அமைத்த 1994 ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒரு தடையையும் போட்டிருந்தது. குற்றம் செய்தவர்களின் பெயர்களை ஆணைக்குழு வெளியிட முடியாது. ஆகவே கத்தோலிக்கத் திருச்சபை, மக்களின் சாட்சியங்களைத் தானே திரட்ட முன்வந்தது. பங்குகளிலிருந்து நூற்றுக்கணக்கான பொதுநிலைப் பணியாளர்கள் பயிற்றப்பட்டனர். அவர்களே கிராமங்களுக்குச் சென்று, மக்களின் தாய்மொழியில் பேசி, கேட்டதைப் பதிவு செய்தனர். என்ன நடந்தது என்பதோடு நிற்காமல், அதை எப்படித் தாங்கினீர்கள், இனி என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டனர். ஆயிரக்கணக்கான சாட்சியங்கள் திரண்டன. கெரில்லாக்கள் செய்த கொலைகளும் அவற்றில் மறைக்கப்படவில்லை.

இப்பணிக்குத் தலைமை தாங்கிய ஆயர் ஹுவான் ஹெரார்டி அவர்களும் ஒரு வகையில் இடம்பெயர்ந்தவரே. குருக்களும் மறைபரப்புப் பணியாளர்களும் கொல்லப்பட்டதனால், 1980 இல் அவர் தமது கிச்சே மறைமாவட்டத்தையே மூடிவிட்டு வெளியேற நேர்ந்தது. 1998 ஏப்ரல் 24 அன்று தலைநகரப் பேராலயத்தில் அவர் அறிக்கையை வெளியிட்டார். இரண்டு நாள் கழித்து, 26 ஆம் திகதி இரவு, தமது இல்லத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். 2001 இல் இராணுவத்தைச் சேர்ந்த மூவரும் ஒரு குருவானவரும் இக்கொலை தொடர்பில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். குருவானவர் என்பதற்காக இதையும் நாம் மறைக்கக் கூடாது.

3. சாட்சியம் நீதிமன்றம் ஏறியது

பிளான் டி சான்செஸ் என்ற கிராமத்தில் 1982 ஜூலை 18 அன்று 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். உள்நாட்டில் நீதி கிடைக்காதபோது, மக்களும் அவர்களுக்குத் துணைநின்ற சட்டத்தரணிகளும் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2004 இல் அரசு பொறுப்பு என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்து, நட்டஈடும் வழங்கப் பணித்தது. 2012 இல் உள்நாட்டு நீதிமன்றமே ஐவரைத் தண்டித்தது. வெளிநாட்டில் எழுந்த குரல் உள்நாட்டுக் கதவையும் தட்டியது.

செப்பூர் சார்க்கோ என்ற இடத்துக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கிருந்த கெக்சி இன விவசாயிகள் தாம் உழுத காணிக்கு உறுதி கேட்டு விண்ணப்பித்திருந்தனர். 1982 இல் இராணுவம் அந்த ஆண்களைப் பிடித்துச் சென்றது. அவர்களின் மனைவிமார் முகாமில் முறைவைத்துச் சமைக்கவும் உடுப்புத் தோய்க்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர்; பாலியல் கொடுமைக்கும் ஆளாயினர். 15 பெண்கள் இதைச் சொல்லத் துணிந்தனர். முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு நீதிமன்றத்தில் இருந்தனர். 2016 பெப்ரவரி 26 அன்று இருவருக்கு 120 ஆண்டும் 240 ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சம்பவம் நடந்து 34 ஆண்டுகளின் பின்!

4. தோல்வியும் உண்டு

1982–83 இல் ஆட்சி செய்த இராணுவத் தலைவர் ரியோஸ் மொந்த், இஷில் மக்களை இனப்படுகொலை செய்த குற்றத்துக்காகவும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காகவும் 2013 மே 10 அன்று 80 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. மறுவிசாரணை முடியுமுன், 2018 இல், அவர் இறந்துவிட்டார். ஆனால் அவ்விவசாயிகள் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியங்களை எவராலும் அழிக்க முடியவில்லை.

எனவே எழுதி வைத்தால் நீதி வரும் என்று நாம் உறுதி கூற முடியாது. எழுதி வைக்காவிட்டால், நீதிக்கான வேளை வரும்போது நம் கையில் எதுவும் இராது என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம். உலகில் நமக்காகக் குரல் கொடுப்போர் நாம் கொடுப்பதைத்தான் சுமந்து செல்ல முடியும். இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2021 மார்ச்சில் ஆணையாளர் அலுவலகத்துக்குக் கொடுத்தது. அங்கும் இதுவே உண்மை.

5. நாம் செய்யக்கூடியவை

• ஒரு கொப்பியில் பெயர், திகதி, இடம், உடனிருந்தோர் ஆகியவற்றை எழுதுங்கள். கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வேறுவேறாக எழுதுங்கள்.
• தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். ஒரு பொய் பத்து உண்மைகளைக் கெடுத்துவிடும்.
• காணி உறுதி, அனுமதிப் பத்திரம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பழைய படங்கள் என்பவற்றுக்குப் பிரதி எடுத்து, நம்பிக்கையான வேறோர் இடத்திலும் வையுங்கள்.
• எவரையும், குறிப்பாகப் பெண்களை, பேசும்படி வற்புறுத்த வேண்டாம். அவர்கள் விருப்பமின்றிப் பெயரை எவரிடமும் கொடுக்க வேண்டாம். உயிர்ப் பாதுகாப்பு முதலில், சாட்சியம் பிறகு.
• நம்மவர் செய்த தவறையும் மறைக்க வேண்டாம்.

கலந்துரையாட:

1. நமது ஊரில் நடந்தவற்றை நேரில் கண்ட முதியோர் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? அவர்கள் சொல்வதைக் கேட்டது யார்?
2. பேசினால் வரும் ஆபத்து என்ன? பேசாவிட்டால் வரும் இழப்பு என்ன?
3. செப்பூர் சார்க்கோ பெண்கள் 34 ஆண்டுகள் காத்திருக்க அவர்களுக்குப் பலம் தந்தது எதுவாயிருக்கும்?