மடிக்கணினியைச் சோதிக்கும் முன்

தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் இன்று மடிக்கணினியின் துணைகொண்டு பாடம் பயில்கின்றனர். புதியதை வாங்க இயலாத பெற்றோர், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வசிக்கும் உறவினர் வழியாகப் பழையதொன்றைப் பெறுவதும் உண்டு. அதனுள் உள்ள உறுப்புகள் யாவை என அறிய, பிள்ளைகள் ஒரு சோதனை மென்பொருளை இயக்குகின்றனர். வன்பொருள் அறியும் மென்பொருள் என்று அதனைக் கூறுவர். பயனுள்ள கருவியே எனினும், எல்லா மடிக்கணினிக்கும் அது தீங்கற்றதன்று.

அது செயற்படும் முறையைக் காண்போம். பெரட்டுக் களத்தில் பெயர் அழைப்பதுபோல, அம்மென்பொருள் கணினியினுள் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் குறிப்பு அனுப்பி, "இங்கு யார் உளர்?" என வினவுகிறது. விடை தரும் உறுப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. வினாவைத் தவறாகப் பொருள்கொள்ளும் உறுப்பு ஒன்று இருப்பின், அங்கேதான் ஆபத்து தோன்றுகிறது.

ஐபிஎம் நிறுவனத்தின் திங்க்பேட் மடிக்கணினிகள் பலவற்றில் இவ்வாறே நிகழ்ந்தது. கணினி தொடங்குவதற்கு வேண்டிய அடிப்படைக் குறிப்புகளை அவற்றில் ஒரு நினைவுச் சில்லு வைத்திருந்தது. லினக்ஸ் அமைப்புக்குரிய எல்எம் சென்சார்ஸ் என்னும் மென்பொருள் அனுப்பிய வினாவை, அச்சில்லு எழுதும் கட்டளையாக ஏற்றது, குறிப்புகள் சிதைந்தன, கணினி மீண்டும் எழவில்லை. பின்னர், அம்மென்பொருளை ஆக்கியோர், ஐபிஎம் கணினி எனக் கண்டால் சோதனையை நிறுத்திவிடுமாறு அதனைத் திருத்தினர்.

அண்மைக் காலத்திலும் இத்தகைய இடர் நேர்ந்தது. 2017 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 17.10 அமைப்பிலிருந்த ஒரு பகுதி, லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளின் தொடக்கச் சில்லைப் பாதித்தது. டிசம்பரில் அதன் பதிவிறக்கம் நிறுத்தப்பட்டது. திருத்தப்பட்ட வடிவம் 2018 சனவரியில் வந்தது.

ஆகவே, பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று:

1. மடிக்கணினியின் அடியில் உள்ள மாதிரிப் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்க. மென்பொருளின் விளக்கக் குறிப்பில் அம்மாதிரிக்கு எச்சரிக்கை உள்ளதா எனப் பார்க்க.

2. பாடங்களையும் படங்களையும் வேறொரு சேமிப்புக் கருவியில் முன்னரே படியெடுத்து வைக்க.

3. பழைய வடிவத்தைத் தவிர்த்து, திருத்தங்கள் சேர்ந்த புதிய வடிவத்தையே பயன்படுத்துக.

4. மென்பொருள் இடையிடையே அனுமதி கேட்குமாயின் படித்தறிந்து விடை தருக. ஆபத்துண்டு எனக் கூறும் சோதனைக்கு "வேண்டாம்" என்க.

5. மின்கலத்தை நிரப்பி, மின்னிணைப்பிலும் வைத்து இயக்குக. நடுவில் நிறுத்தாதீர்.

6. சோதித்தே ஆகவேண்டுமெனில், இழந்தாலும் தாங்கக்கூடிய ஒரு கணினியில் மட்டும் முதலில் சோதிக்க.

விரலியிலிருந்து இயக்கினால் தீங்கு வாராது எனச் சிலர் எண்ணுவர். அது வட்டில் உள்ள கோப்புகளுக்கு ஓரளவு காப்பாகலாம். தாய்ப்பலகையில் உள்ள சில்லுக்குக் காப்பாகாது. வட்டில் உள்ளவை அழிந்தால் படியிலிருந்து மீட்கலாம். சில்லு கெட்டாலோ பழுது பார்ப்போரிடம் செல்ல வேண்டும். அச்செலவு கணினியின் விலையையே எட்டவும் கூடும்.

வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினியாயின், அதுவே பிள்ளையின் பள்ளிப் பாடத்திற்கும் ஆதாரமாயின், பெற்றோர் அருகிருந்து மேற்கண்ட ஆறினையும் சரிபார்த்த பின்னரே சோதனைக்கு இசைவளிக்க வேண்டும். தேவையின்றேல் சோதியாது விடுதலே நலம்.