சூடாகும் மடிக்கணினி: புதிது வாங்கும் முன் பார்க்க வேண்டியவை



நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி விண்ணப்பங்களில் ஒரு கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. "பிள்ளையின் லேப்டாப் கொதிக்கிறது, பாதி வேலையில் அணைந்துவிடுகிறது, புதிது வாங்க உதவுங்கள்" என்கிறார்கள். உதவி தாமதமானால் நகையை வட்டிக்கு அடகு வைக்கவும் சிலர் துணிந்துவிடுகிறார்கள். சூடாகும் கணினியெல்லாம் கெட்டுப்போன கணினி அல்ல. வட்டியில் விழும் முன் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கணினியில் கணக்கிடும் வேலையைச் செய்வது பிராசஸர். கட்டட வரைபட மென்பொருள், வீடியோ எடிட்டிங், பெரிய கேம் ஆகியவை ஓடும்போது அது முழுமூச்சாக உழைக்கிறது. அது இழுக்கும் மின்சாரம் வெப்பமாகிறது. செம்புக் குழாய் அந்த வெப்பத்தை ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளுக்குக் கொண்டுபோக, சிறு விசிறி காற்றை ஊதி வெளியேற்றுகிறது. வயலில் ஓடும் டீசல் என்ஜினுக்குத் தண்ணீர் எப்படியோ, பிராசஸருக்குக் காற்று அப்படி.

பல மடிக்கணினிகளில் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினி திடீரென மந்தமாவது இதனால்தான். அப்படியும் தணியாவிட்டால், கருகிப் போகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும். கடும் வேலையில் 80, 90 டிகிரி வரை போவது மடிக்கணினிகளில் வழக்கமே. எந்த வேலையும் இல்லாதபோதே 80-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். கோர் டெம்ப், ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் இந்த அளவைக் காட்டும்.

நம் ஊரின் நிலை

விசிறி அறைக் காற்றைத்தான் ஊதுகிறது. அறை 28 டிகிரியாக இருந்த இடத்தில் அக்னி நட்சத்திரத்தில் 38 ஆனால், பிராசஸரின் சூடும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியும் அரிசி ஆலைப் பக்கம் உமித் தூசியும் வீட்டுக்குள் வருகின்றன. இவை விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே பஞ்சு போலப் படிந்து காற்றை அடைத்துவிடும்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. மெத்தை, தலையணை, மடி மீது வைக்காதீர்கள். அடியில்தான் காற்று நுழையும் துளைகள் இருக்கும். பலகையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். செலவில்லை.

2. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எது பிராசஸரை அதிகம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். தேவையற்றதை மூடுங்கள். தெரியாத பெயரில் ஏதாவது எந்நேரமும் ஓடினால் வைரஸ் சோதனை செய்யுங்கள்.

3. விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச அளவை 100-இலிருந்து 99 சதவீதமாக்குங்கள். பல கணினிகளில் இது கூடுதல் வேக ஓட்டத்தை நிறுத்திவிடும். வேலை சற்று மெதுவாகும், சூடு நன்றாகக் குறையும்.

4. நீண்ட நேர வேலையைச் சுப்ஹு தொழுகைக்குப் பின் குளிர்ந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. பிறகும் குறையாவிட்டால், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து உள்ளே தூசி எடுங்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

6. பிராசஸருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் ஆண்டுகள் ஆக ஆகக் காய்ந்துவிடும். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்து, அக்காவிடமிருந்து தம்பிக்கு வந்த கணினி என்றால் இதை அவசியம் மாற்றச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு படிக்கு முன்னும் பின்னும் அதே வேலையை ஓடவிட்டு, சூட்டைக் குறித்து வையுங்கள். எது பலன் தந்தது என்பது அப்போதுதான் புலப்படும்.

ஈரத் துணி போர்த்துவதும் பிரிட்ஜில் வைப்பதும் வேண்டாம். உள்ளே நீர் கோத்து உண்மையிலேயே கெட்டுவிடும். டச்பேட் மேலெழும்பினாலோ அடிப்பாகம் உப்பினாலோ பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். அது தீப்பிடிக்கும் ஆபத்துள்ளது.

திருட்டு மென்பொருள்

விலை உயர்ந்த மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கும் பிள்ளைகள் உண்டு. அவற்றுக்குள் ஒளிந்து வரும் சில நிரல்கள், நம் கணினியையும் நம் மின்சாரத்தையும் கொண்டு யாரோ ஒருவருக்கு டிஜிட்டல் நாணயம் ஈட்டித் தருகின்றன. இரவும் பகலும் பிராசஸர் கொதிக்க இதுவும் ஒரு காரணம். பிறர் உழைப்பை விலையின்றி எடுப்பது நமக்கு ஆகுமானதல்ல என்பது ஒருபுறம். அந்தத் திருட்டு நம் வீட்டையே திரும்பத் தாக்குகிறது என்பது மறுபுறம். ஆட்டோகேட் நிறுவனம் மாணவர்களுக்கு இலவச உரிமம் தருகிறது. பிளெண்டர், ஃப்ரீகேட், லிப்ரே ஆபீஸ் எல்லோருக்கும் இலவசம்.

விண்ணப்பிப்போர் கவனத்திற்கு

கணினி உதவி கேட்போர், மேற்கண்ட ஆறு படிகளையும் செய்து பார்த்த விவரத்தை விண்ணப்பத்துடன் எழுதித் தாருங்கள். பழுது பார்த்தால் போதும் என்ற இடத்தில் புதிது வாங்கிக் கொடுத்தால், புத்தகம் வாங்க வழியில்லாத இன்னொரு பிள்ளையின் பங்கு அதில் போய்விடுகிறது. மக்கள் தந்த நிதி நம் கையில் அமானிதம். படிப்புக்கு உண்மையிலேயே புதிய கணினி தேவைப்படும் பிள்ளைக்கு, இன்ஷா அல்லாஹ், நம்மால் இயன்றதைச் செய்வோம்.